தரவு மையத்தை நம்பாமல், ஐந்து வீட்டுக் கணினிகளில் ஒரு சேகரிப்பைக் காக்க முடியுமா?

கேள்வி: முதுநகர் சேகரிப்பாளர், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரைச் சேர்ந்த நாங்கள் ஐந்து பேர், கடந்த 9 ஆண்டுகளாக இந்தப் பகுதியின் பழைய ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் கணினியில் ஏற்றிச் சேகரித்து வருகிறோம். துறைமுகத்தை ஒட்டி வணிகம் செய்த குடும்பங்களின் பேரேடுகள், திருவிழா அழைப்பிதழ்கள், விடிய விடிய நடந்த தெருக்கூத்துகளின் ஒலிப்பதிவுகள், 2004 ஆழிப்பேரலையைப் பற்றித் தேவனாம்பட்டினத்துப் பெரியவர்கள் சொன்ன நினைவுகள் என்று எல்லாம் சேர்ந்து இப்போது 1.2 டெராபைட் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

இவை அனைத்தையும் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளவுட் கணக்கில் வைத்திருந்தோம். மாதா மாதம் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். கடந்த ஆண்டு ஒருநாள் காலையில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. தானியங்கிச் சோதனையில் ஏதோ விதிமீறல் தென்பட்டதாக ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்ததே தவிர, எந்தக் கோப்பில் என்ன மீறல் என்று எவரும் சொல்லவில்லை. 11 நாள்கள் கழித்துக் கணக்கு திரும்பக் கிடைத்தது. அப்போதும் காரணம் தெரியவில்லை. அந்த நாள்களுக்குள், எங்களிடம் பேசியிருந்த ஒரு மீனவப் பெரியவர் காலமாகிவிட்டார். காரியத்தன்று தாத்தாவின் குரலை ஒருமுறை ஒலிக்கவிட வேண்டும் என்று அவருடைய பேரன் வந்து கேட்டபோது, நாங்களே பதிவு செய்த அந்தக் குரலை எங்களால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து இந்த ஏற்பாட்டின் மீது எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பியர்-டு-பியர் மென்பொருள்களைக் கொண்டு, எங்கள் ஐந்து பேரின் வீட்டுக் கணினிகளிலேயே இந்தச் சேகரிப்பைப் பகிர்ந்து வைத்துக்கொள்ள முடியும் என்று கேள்விப்படுகிறேன். உண்மையிலேயே அது தரவு மையத்துக்கு மாற்றாகுமா? எங்கள் வீடுகள் நான்கு கடலூரிலும் ஒன்று புதுச்சேரி முதலியார்பேட்டையிலும் இருக்கின்றன. 'தானே' புயலையும் 'ஃபெஞ்சல்' புயலையும் பார்த்த ஊர் இது; மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எங்களில் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்துவிட்டால் எல்லா இடத்திலும் அழிந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. கணினித் துறையைச் சேர்ந்தவர் எங்களில் எவரும் இல்லை என்பதையும் மனத்தில் கொண்டு விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி

வணக்கம் ஐயா. முடியும் என்பதே என் விடை. ஆனால் பியர்-டு-பியர் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வேலைகளுக்கான கருவிகள் பல இருப்பதால், உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை முதலில் பிரித்துச் சொல்கிறேன்.

1999-இல் வந்த நாப்ஸ்டர் என்ற பாடல் பகிர்வு மென்பொருளில் பாடல்கள் பயனர்களின் கணினிகளில் இருந்தாலும், எந்தப் பாடல் யாரிடம் இருக்கிறது என்ற அட்டவணை நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. 2001-இல் நீதிமன்றத்தின் உத்தரவால் அந்த அட்டவணை நின்றபோது, கோடிக்கணக்கான கணினிகளில் பாடல்கள் அப்படியே இருந்தும் பயனின்றிப் போயின. அதே ஆண்டில் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டொரண்ட், ஒரு கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் எனப்படும் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, பெறுபவர் ஒவ்வொருவரும் தம்மிடம் வந்துசேர்ந்த துண்டுகளை மற்றவருக்கும் கொடுக்கும்படி அமைந்தது. அட்டவணையையும் பயனர்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்ளும் வழியைப் பெட்டர் மேமவுன்கோவும் டேவிட் மாசியரும் 2002-இல் கடெம்லியா என்ற பெயரில் வகுத்துக் கொடுத்தார்கள். இன்று டிஎச்டி (பங்கிடப்பட்ட ஹாஷ் அட்டவணை) என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த வழியில் அமைந்ததுதான். கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பதை விட்டு, கோப்பின் உள்ளடக்கம் எது என்று கேட்பதுதான் இவற்றின் அடிப்படை. உள்ளடக்கம் ஒன்றே என்றால் ஹாஷும் ஒன்றே என்பதால், அது யார் வீட்டிலிருந்து வந்தாலும் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளலாம்.

பிட்டொரண்ட் உங்கள் வேலைக்கு முழுமையாகப் பொருந்தாது. ஒரு தொகுப்பில் ஒரு கோப்பு மாறினாலும் அதன் அடையாளமே மாறிவிடும். வளர்ந்துகொண்டே இருக்கும் சேகரிப்புக்கு அது தொல்லை. உள்ளடக்கத்தின் ஹாஷைக் கொண்டே கோப்புகளைத் தேடித் தரும் ஐபிஎஃப்எஸ் என்ற அமைப்பைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். அதில் ஏற்றிவிட்டால் என்றென்றும் இருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. யாராவது ஒருவர் 'இதை என் கணினியில் வைத்திருக்கிறேன்' என்று குறித்து வைத்தால்தான் அது இருக்கும். எவரும் குறிக்காத கோப்பு நாளடைவில் தற்காலிகச் சேமிப்பிலிருந்து துடைக்கப்பட்டுவிடலாம்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது சிங்க்திங். பல கணினிகளில் உள்ள ஒரே கோப்புறையை எப்போதும் ஒன்றுபோல வைத்திருக்கும், 2013 முதல் வெளிவரும் கட்டற்ற மென்பொருள் அது. ஒவ்வொரு கணினிக்கும் 56 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் இருக்கும். இரு தரப்பினரும் ஒருவர் அடையாளத்தை மற்றவர் ஏற்றுக்கொண்டால்தான் கோப்புகள் நகரும். இடையில் கணக்கு என்று எதுவும் இல்லாததால், முடக்குவதற்கும் எதுவும் இல்லை. கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க அந்தத் திட்டத்தார் நடத்தும் முகவரிச் சர்வர்கள் உதவுகின்றன. நேரடி இணைப்பு கிடைக்காதபோது தன்னார்வலர்கள் நடத்தும் இடைநிலைச் சர்வர்கள் வழியாகத் தரவு செல்லும். ஆகவே மையம் அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சர்வர்களால் உங்கள் கோப்புகளைப் படிக்க முடியாது, எல்லாமே மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகும். அவை நின்றுபோனாலும் உங்களிடம் இருப்பது உங்களிடமே இருக்கும். வேண்டுமானால் அவற்றையும் நாமே நிறுவிக்கொள்ளலாம்.

நம் ஊர் இணைப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. ஐபிவி4 எனப்படும் பழைய வகை இணைய முகவரிகளின் பற்றாக்குறையால் பல சேவையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைய முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், வெளியிலிருந்து எவரும் உங்கள் கணினியை நேராகத் தொட முடியாது என்று பொருள். அப்படியானால் இரு வீடுகளிலும் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி கிடைக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரில் அதற்கு வழிவிட்டால் நேரடி இணைப்பு கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் இடைநிலைச் சர்வர் வழியாக மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

முதல் நகலை இணையத்தின் வழியே அனுப்ப முயலாதீர்கள். 1.2 டெராபைட்டை வினாடிக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அனுப்பினால், இடைவிடாமல் ஓடினாலும் ஐந்தரை நாள் ஆகும். ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துப் பேருந்தில் கொண்டு வந்தால் கடலூரிலிருந்து முதலியார்பேட்டைக்கு ஒரு மணி நேரம்தான். அந்த டிஸ்கைச் செருகி, அதே கோப்புறையைச் சிங்க்திங்கில் சேர்த்தால், அது ஹாஷ்களை ஒப்பிட்டு எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். அதன் பிறகு புதிதாகச் சேர்பவை மட்டும் இணையத்தில் போகும்.

அழிந்துவிடுமோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஒருவர் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், அதுதான் ஒத்திசைவின் இயல்பு. ஆகவே கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஒருவருடைய கணினியில் மட்டும் கோப்புறையை 'அனுப்ப மட்டும்' என்றும், மற்ற நால்வரிடமும் 'பெற மட்டும்' என்றும் அமையுங்கள். கூடவே அந்த நால்வரிடமும் பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் வசதியைத் திறந்து வையுங்கள். இதில் பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு: அந்த வசதி, வெளியிலிருந்து வரும் மாற்றங்களால் நீங்கும் கோப்புகளை மட்டுமே காத்துவைக்கும், நீங்களே உங்கள் கணினியில் அழித்ததை உங்கள் கணினி காக்காது. ஆகவே ஒழுங்குபடுத்துபவரிடம் மட்டும் அதைத் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

மின்சாரச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியும் ஒரு சிறிய ஹார்டு டிஸ்கும் சேர்ந்து ஏறக்குறைய 8 வாட் எடுக்கும். இரவு பகலாக ஓடினாலும் மாதத்துக்கு 6 யூனிட்தான். மின்வெட்டு நேரத்தில் அது அணைந்து கிடந்தாலும் குற்றமில்லை, மின்சாரம் வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புயல்தான் உண்மையான இடர். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' வந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. நாம் இருவரும் இருபது கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே கடற்கரையில் இருக்கிறோம். உங்கள் ஐந்து நகல்களும் ஒரே புயலின் பாதையில் இருந்தால், அவற்றை ஒரே நகல் என்றுதான் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு நகலாவது கோயம்புத்தூர், சேலம் போன்ற உள்நாட்டு ஊரில் இருக்கட்டும்.

மறுமொழி 2: அம்பத்தூர் இரவுப் பணியாளர், சென்னை (சொந்த ஊர் நெல்லிக்குப்பம்)

நான் அம்பத்தூரில் ஒரு தரவு மையத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். லாஸ்பேட்டை நண்பர் சொன்னவற்றில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் இடத்தில் ஒரு டிஸ்க் பழுதானால் அதே இரவில் கழற்றி மாற்றுகிறோம். டீசல் ஜெனரேட்டரை வாரந்தோறும் ஓட்டிப் பார்க்கிறோம். எழுதிய தரவு எழுதியபடியே இருக்கிறதா என்று இயந்திரங்கள் இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருக்கின்றன. கட்டடத்தை நீங்கள் துறக்கலாம். இந்த வேலைகளை யாராவது செய்துதான் ஆக வேண்டும், அது இனி உங்கள் ஐவரின் தலையில் விழும்.

சோதனை பற்றி ஒரு முக்கியமான செய்தி. சிங்க்திங் ஒரு கோப்பு மாறியிருக்கிறதா என்பதை, அதன் அளவையும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் கொண்டே முடிவு செய்கிறது. பழைய ஹார்டு டிஸ்கில் சில பிட்டுகள் தாமாகக் கெட்டுப்போனால் அளவும் மாறாது, நேரமும் மாறாது. ஆகவே அது கவனிக்காது. மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு கூத்துப் பதிவைத் திறக்கும்போதுதான் நடுவில் கரகரப்பு கேட்கும். இதற்காக எல்லாக் கோப்புகளின் எஸ்எச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்ட ஹாஷ்களையும் ஒரு பட்டியலாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கெட்ட கோப்பு ஒரு வீட்டில் தென்பட்டால் மற்றொரு வீட்டிலிருந்து நல்லதை எடுத்து வைத்துவிடலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உருவான லாக்ஸ் என்ற அமைப்பு, நூலகங்களின் கணினிகள் தங்களுக்குள் ஹாஷ்களை ஒப்பிட்டு, பெரும்பான்மையோடு மாறுபடும் நகலைத் திருத்திக்கொள்ளும்படி இதையே தானாகச் செய்கிறது. நீங்கள் கையால் செய்தாலும் போதும், விடாமல் செய்ய வேண்டும்.

இன்னொன்று. ஐந்து கணினிகளிலும் ஒரே மென்பொருளின் ஒரே பதிப்பு ஓடினால் அதுவும் ஒருவகை மையம்தான். ஸ்கைப் 2003-இல் பியர்-டு-பியர் முறையில்தான் தொடங்கியது. பயனர்களின் கணினிகளில் சிலவே மற்றவர்களை இணைத்துவைக்கும் முனைகளாக வேலை செய்தன. 2010 டிசம்பரில் விண்டோஸுக்கான ஒரு பதிப்பில் இருந்த பிழையால் அந்த முனைகள் கூட்டமாக விழுந்தன, மிச்சமிருந்தவை சுமை தாங்காமல் விழுந்தன, ஏறக்குறைய ஒரு நாள் சேவையே நின்றது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் அந்த முனைகளைத் தன் சர்வர்களுக்கே மாற்றிக்கொண்டது. ஆகவே புதிய பதிப்பு வந்தவுடன் ஐந்து வீட்டிலும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். ஒரு வீட்டில் ஏற்றி, சில வாரம் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றில் ஏற்றுங்கள்.

அதே நேரத்தில், தரவு மையத்தில் இருந்தாலே பத்திரம் என்று நானும் சொல்ல மாட்டேன். 2021 மார்ச் 10-இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஒரு தரவு மையக் கட்டடம் தீயில் முழுவதும் அழிந்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய 858 டெராபைட் சேமிப்பகம் வேறெங்கும் நகல் இல்லாமல் அழிந்துபோனது. அங்கே வேலை பார்ப்பவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. ஒரே ஒரு வேறிடத்து நகல் இருந்திருந்தால் போதும்.

மின்சாரத்தைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். உலகத் தரவு மையங்கள் 2024-இல் ஏறத்தாழ 415 டெராவாட்-மணி மின்சாரம் எடுத்ததாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணித்திருக்கிறது. உலக மின்நுகர்வில் அது ஏறக்குறைய 1.5 விழுக்காடு. ஆனால் ஒரு டெராபைட்டுக்கு இவ்வளவு என்று பார்த்தால், வீட்டில் எந்நேரமும் தனியாக ஓடும் ஒரு டிஸ்க் எங்களைவிடச் சிக்கனம் என்று சொல்வதற்கில்லை. உங்களுக்கு மாற்று வேண்டியிருப்பது கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்பதற்காக. அந்தக் காரணமே போதுமானது.

முதுநகர் சேகரிப்பாளர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய பதிப்பை ஒரே நாளில் எல்லா வீட்டிலும் ஏற்றக் கூடாது என்பது எங்களுக்குத் தோன்றியே இருக்காது. கோயம்புத்தூரில் என் தங்கை இருக்கிறார், ஒரு டிஸ்கை வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டுவிட்டார். எங்களில் ஒருவர் கைபேசியிலேயே ஒரு நகலை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார். மேலும், வாய்மொழிப் பதிவுகளில் குடும்பச் சண்டைகள், கடன், இறப்பு என்று மற்றவர் கேட்கக் கூடாத செய்திகளும் இருக்கின்றன. என் தங்கையின் வீட்டுக் கணினியைப் பலர் பயன்படுத்துவார்கள். அங்கே இவற்றை எப்படி வைப்பது?

மறுமொழி 3: வில்லியனூர் நூலகர், புதுச்சேரி

வணக்கம். நான் ஓய்வுபெற்ற நூலகர். ஆவணக் காப்பில் சில ஆண்டுகள் வேலை செய்தவள்.

தங்கையின் வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். சிங்க்திங்கில் 'நம்பகமற்ற கணினி' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பெயர் உறவினரின் மனத்தைப் புண்படுத்தலாம், விளக்கிச் சொல்லிவிடுங்கள். கோப்புகள் உங்கள் வீட்டிலேயே கடவுச்சொல்லால் மறையாக்கப்பட்டு, கோப்புப் பெயர்கள் உட்படப் புரியாத வடிவில்தான் அங்கே போய்ச் சேரும். அங்குள்ள எவராலும் திறக்க முடியாது, ஆனால் உங்களுடையவை எல்லாம் அழிந்தால் அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம். அந்தக் கடவுச்சொல்லை இழந்தால் நகலே இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆகவே அதைத் தாளில் எழுதி, இரண்டு வெவ்வேறு வீடுகளில், வெள்ளம் ஏறாத உயரத்தில் வையுங்கள்.

பொதுவில் வெளியிடத் தக்கவற்றைப் பிட்டொரண்ட் வழியே தரலாம் என்று பின்னாளில் உங்களுக்குத் தோன்றலாம். இணைய ஆவணக் காப்பகமே 2012 முதல் தன் தொகுப்புகளை அப்படியும் தருகிறது. நூறாண்டுக்கு முந்தைய அழைப்பிதழ்களுக்கு அது நல்ல வழி. ஆனால் உயிரோடு இருப்பவர்களின் குரலுக்கு அந்த வழியை எடுக்கும் முன் பலமுறை யோசியுங்கள். ஒரு கூத்துக் கலைஞரின் மகள் வந்து, 'அப்பா அன்று உடல்நலம் குன்றிப் பாடியது அது, யாரும் கேட்க வேண்டாம்' என்று சொன்னால், நிறுவனத்தின் சர்வரில் இருப்பதை நீக்கிவிடலாம். முகம் தெரியாத நாற்பது பேரின் கணினிகளில் இருப்பதை எவராலும் திரும்பப் பெற முடியாது. யாரும் முடக்க முடியாது என்பதை ஒரு சிறப்பாகச் சொல்கிறோம். திரும்ப அழைக்கவும் முடியாது என்பது அதனோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே ஐந்து வீட்டுக்குள் சுற்றுவதற்கு ஒரு கோப்புறை, வெளியே விடுவதற்கு வேறொரு கோப்புறை என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். எந்தப் பதிவு எந்தக் கோப்புறைக்கு உரியது என்று பேசியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொரு செய்தியும் சொல்லத் தோன்றுகிறது. ஓலைச்சுவடிகளை நம் முன்னோர் பெயர்த்தெழுதிப் பல வீடுகளிலும் மடங்களிலும் வைத்திருந்ததால்தான், கறையானுக்கும் ஆற்றுப் பெருக்குக்கும் தப்பியவை நம் கைக்கு வந்தன. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஒரே நூலின் பல சுவடிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டபோது, அவற்றில் பாடவேறுபாடுகள் மலிந்திருந்தன. எது சரியான பாடம் என்று முடிவு செய்வதில்தான் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி போயிற்று. இருவர் ஒரே நேரத்தில் ஒரு கோப்பைத் திருத்தினால் சிங்க்திங்கும் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு மட்டும் 'முரண்' என்று பெயரிட்டு ஒதுக்கிவைக்கும். எது சரி என்று அது முடிவு செய்யாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். உங்கள் விவரப் பட்டியலைத் திருத்தும் உரிமையை ஒருவரிடம் மட்டும் விடுங்கள். அவர் ஊரில் இல்லாதபோது யாரிடம் அந்த உரிமை போகும் என்பதையும் எழுதி வையுங்கள். ஐவரில் ஒருவர் விலகினாலோ, காலமானாலோ, அவர் வீட்டு டிஸ்க் யாரிடம் வர வேண்டும் என்பதையும் அவருடைய குடும்பத்தாருக்குத் தெரியும்படி இப்போதே சொல்லிவிடுங்கள். நான் பார்த்த சேகரிப்புகளில் பல, கறையானால் போகவில்லை. அலமாரியில் இருப்பது என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் பழைய தாள் கடைக்குத்தான் போயின.

லாஸ்பேட்டை வாசகர்

அம்மா சொன்னது முழுக்க முழுக்கச் சரி. கைபேசியைப் பற்றிய கேள்விக்கு: வேண்டாம். இடமும் போதாது, பின்னணியில் ஓடும் செயலிகளைக் கைபேசி தானாகவே நிறுத்தியும் விடும். ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் சிங்க்திங் செயலியும் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. தன்னார்வலர்கள் நடத்தும் கிளைப் பதிப்பு மட்டுமே இருக்கிறது.

கிளவுட் கணக்கை உடனே மூடிவிடாதீர்கள் ஐயா. ஐந்து வீட்டிலும் ஹாஷ் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டு முடித்து, ஒரு வீட்டின் டிஸ்கை வேண்டுமென்றே கழற்றி வைத்து, கோயம்புத்தூர் நகலிலிருந்து ஒரு கோப்புறையை முழுதாக மீட்டுப் பாருங்கள். அந்தப் பெரியவரின் பதிவு இருக்கும் கோப்புறையையே எடுத்துக்கொள்ளலாம். அது முழுமையாக ஒலித்த பிறகு மூடலாம். வரும் மழைக்காலத்துக்கு முன் இதை முடித்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மஞ்சக்குப்பம் வருவது வழக்கம். முதல் இரண்டு கணினிகளை இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன், டிஸ்கை மட்டும் வாங்கி வையுங்கள்.